ஜன்னலோரக் கட்டிலும் தொட்டிப் பனையும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? தைலத்தை விடாமல் தேய்.

இந்த ஆஸ்பத்திரியில் தொட்டிப் பனைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஒரே தூரில் கொத்தாகக் கிளைக்கும் ஜாதி, நிழலே போதும். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பெரியவர் தினமும் என்னோடு மல்லுக்கு நிற்பார்.

"பாவம்மா, அதை வெயில்ல வையி."

"வெயில் பட்டா இலை கருகிடும், தாத்தா."

"ஆமா, உனக்கு ரொம்பத் தெரியும்!"

திங்கட்கிழமை போனபோது கட்டில் காலி. வெளியூரிலிருந்து ஓடிவந்த அவர் மகள் பெட்டியோடு நின்றிருந்தாள்.

"அப்பா கடைசியா என்ன பேசினாரு?"

"செடியை வெயில்ல வைக்கச் சொன்னாரு" என்றேன். சிரித்துக்கொண்டே அழுதாள். வேரோடு ஒரு கன்றைப் பிரித்து, சின்னத் தொட்டியில் வைத்துக் கொடுத்தேன். நிழலில் வைக்கும்படி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ கவலைப்படாதே, வேளைக்குச் சாப்பிடுகிறேன். யாராவது வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. அப்புறம், ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது போனை அப்பாவின் காதருகே பிடி. அவரால் பேச முடியாவிட்டால் பரவாயில்லை. மூச்சுவிடும் சத்தம் கேட்டால் போதும்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்