அண்ணன் பெயரில் இருபது பாயிண்ட்

13 மார்ச் 2023, திங்கள்

ஆறரை ஷிப்ட்டுக்கு ஆறு இருபத்தெட்டுக்குக் கார்டு தட்டினேன். தப்பித்தேன். மதியம் கேன்டீனில் மீ கோரேங் நூடுல்ஸ் வாயில் இருக்கும்போது வசந்தன் அண்ணன் போன்.

"பாப்பா, லைசன்ஸ் புதுப்பிக்க அலோர் காஜா ஆபீசுக்கு வந்தேன். என் பேருல இருபது தப்புப் பாயிண்ட் இருக்காம்லா. செகப்பு விளக்க மீறுனேனாம், அஞ்சு தடவை. ஒரு தடவைக்கு நாலு. நானா?"

எனக்கு முப்பத்தாறு வயசு. அவருக்கு இன்னும் பாப்பாதான். இருபத்திரண்டு வருஷமாகத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிற மனுஷன், போக்குவரத்து அபராதச் சம்மன் ஒன்றுகூட வாங்கியதில்லை.

"மெஷின் தப்பா இருக்கும்ணே" என்றேன். அதற்கப்புறம் மீ இறங்கவில்லை.

14 மார்ச்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அந்த ஐந்தும் நான்.

நான் ஓட்டும் வீவா கார் அண்ணன் கொடுத்தது. புதுக் கார் வாங்கியபோது சாவியை என் கையில் வைத்து, "பேர அப்புறம் மாத்திக்கலாம்லா" என்றார். நாலு வருஷம் ஆச்சு. அவருக்கு லீவு இருந்தால் எனக்கு இல்லை; பேர் மாற்றாததை அவர் மறந்தே போயிருப்பார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வண்டி யாரோ ஒருத்தர் பெயரில்தான் ஓடுகிறது. யார் கவலைப்பட்டார்கள்?

சம்மன் கடிதமெல்லாம் இடித்துப்போட்ட பழைய தோட்டத்து வீட்டு விலாசத்துக்குப் போயிருக்கும். நான் போனில் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்து, தள்ளுபடி வரும்போது சத்தமில்லாமல் கட்டிவிடுவேன். கட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். கட்டினால்தான் பாயிண்டே ஏறுமாம். கட்டுவது என்றால், 'ஆமாம், நான்தான் செய்தேன்' என்று ஒப்புக்கொள்வது. ஒப்புக்கொண்டது என் விரல், மாட்டிக்கொண்டது அவர் பெயர்.

ஐந்தும் புக்கிட் ரம்பாய் சிக்னல் கேமராவில்தான். விடியற்காலை, ஒரு ஈ காக்கா இருக்காது. பத்து நிமிஷம் முன்னால எழுந்திருக்கத் துப்பில்லாதவ நான்.

16 மார்ச்

அண்ணன் வீடு. "எந்தத் தேதி, எந்த எடம்னு உன் போன்ல பாரு பாப்பா" என்று ஐசி அடையாளக் கார்டை நீட்டினார். கொஞ்ச நேரம் தட்டுவது போலத் தட்டினேன்.

"லைன் கிடைக்கலண்ணே."

லைன் நன்றாகத்தான் இருந்தது.

17 மார்ச்

இன்றும் சொல்லவில்லை.

21 மார்ச்

இந்திராதேவி அண்ணி போன் செய்தார். அண்ணன் கிளினிக்கில் கண் பரிசோதித்துக்கொண்டாராம். சிவப்பு தெரியாமல்தானே ஐந்து முறை போயிருக்க வேண்டும் என்று.

அடிப்பாவி. என்னைத்தான் சொல்கிறேன்.

24 மார்ச்

கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிம்மதியாக இருப்பார் என்று போனேன். வாசலில் பஸ்ஸுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கண்ணு நல்லா இருக்குன்னா, அப்ப மூளை. அப்பாவுக்கும் இந்த வயசுலதானே மறதி ஆரம்பிச்சது? செகப்புல போனதே எனக்கு ஞாபகம் இல்லையே பாப்பா. நாப்பது பேரு ஏறுற வண்டி. மொதலாளி தவுக்கேகிட்ட திங்கக்கிழமை சாவியக் கொடுத்துடறேன்."

கடைசியில் அப்பாவுக்கு எங்கள் பெயர்கூடத் தெரியவில்லை. அந்தப் பயத்தை நானே அண்ணன் தலையில் ஏற்றியிருக்கிறேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்தேன். குடித்தேனே, அதைச் சொல்லணும்.

26 மார்ச், ஞாயிறு

சொல்லிவிட்டேன். அண்ணி சமையற்கட்டில் இருந்தார். நின்றபடியே சொன்னேன். ஐந்தும் நான், கட்டியதும் நான், லைன் கிடைக்கவில்லை என்றதும் பொய்.

திட்டுவார் என்று நினைத்தேன். ஓங்கி ஒன்று விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தில் முதலில் வந்தது சிரிப்பு.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல! இந்திரா, எனக்கு ஒண்ணுமில்லடீ!"

அப்புறம் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார். "அன்னிக்கு டீ குடிச்சிட்டுத்தானே போன?" என்றார்.

எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

28 மார்ச்

இருவரும் லீவு போட்டோம். நாலு வருஷமாகக் கிடைக்காத லீவு. கார் என் பெயருக்கு மாறியது.

பாயிண்ட்டை என் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கவுண்டரில் கெஞ்சினேன். ஓட்டியது வேறு ஆள் என்றால் கட்டுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டுமாம். கட்டியாயிற்று, அவர் மேல்தான் நிற்கும். புதுசாக எதுவும் விழாமல் காலம் போனால் அழியும், அதுவரை பொறுமை என்றாள் கவுண்டர் பெண். அண்ணன் தலையாட்டினார்.

31 மார்ச்

இருபது பாயிண்ட் உள்ளவருக்குத் தொழிலாளர் பஸ் கொடுக்கமாட்டேன், சுத்தமானதும் பார்க்கலாம் என்று தவுக்கே சொல்லிவிட்டார். பட்டறையில் பஸ் கழுவும் வேலை. "என் தங்கச்சி ஓட்டினதுன்னு சொல்லிருக்கலாமேண்ணே" என்றேன்.

"என் பேருலதானே இருக்கு, அனுசியா." பாப்பா என்று கூப்பிடவில்லை.

9 ஜூன்

காரை விற்றுவிட்டேன். அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கவே கூசியது. இப்போது தொழிற்சாலை பஸ்ஸில் போகிறேன். அண்ணன் இடத்தில் ஓட்டுவது யாரோ ஒரு பையன். சடாரென்று பிரேக் போடுகிறான்.

2 நவம்பர் 2024

தீபாவளிக்குப் போனேன். அண்ணன் கையில் சோப்புத் தண்ணீர்ப் புண். அண்ணி முறுக்குக் கட்டிக் கொடுத்தார்.

21 ஏப்ரல் 2025, திங்கள்

போன வாரம் அண்ணன் பெயரில் பார்த்தேன். பூஜ்யம். ஒன்றுகூட இல்லை.

இன்று விடியற்காலை ஐந்து நாற்பதுக்கே ஸ்டாப்பில் நின்றேன். பஸ் வந்தது. அண்ணன்தான். இஸ்திரி போட்ட சட்டை, முழுக்கை. கதவு திறந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டேன்.

"பார்த்து ஏறு, அனுசியா" என்றார்.

பின் சீட்டில் போய் உட்கார்ந்தேன். அந்தச் சிக்னலில் சிவப்பு. தெருவில் ஒரு வண்டி இல்லை. பச்சை விழும்வரை நின்றோம்.