பெல்ட் கழற்றிய பிறகு

அன்புள்ள கண்ணுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் இங்கே பொழுது ஓடுகிறது. நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை, முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள்.

மருந்துக் கிடங்கில் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்த அப்பாவுக்கு, டாக்டர் நெஞ்சிலிருந்து இடுப்பு வரை கெட்டியான பெல்ட் போட்டுவிட்டார் என்று போனில் சொன்னேன் அல்லவா, அதன் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை, நீ பயப்படுவாய் என்றுதான். சூப்பர்வைசரைக் கண்டால் அப்பா மடக்குக் குடை மாதிரி ஆகிவிடுவார், உனக்குத் தெரியாததா. பெல்ட்டோடு வேலைக்குப் போனவரால் குனியவே முடியவில்லை, நேராக நின்று முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. போன திங்கட்கிழமை ஒரு பெட்டியில் மருந்து மாறிப் போய்விட்டது. அவசரப்படுத்தி லேபிளை மாற்றி ஒட்டச் சொன்னது சூப்பர்வைசர்தான், அப்பா பக்கத்திலேயே இருந்திருக்கிறார். ஆனால் தப்பு பேக்கிங்கில் இருக்கும் பெண்ணுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிற அப்பா, "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல சார், நான் போட மாட்டேன்" என்றாராம். வெள்ளிக்கிழமை முதலாளியிடமே சொல் என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த அப்பா பெல்ட்டைத் தடவிப் பார்த்தார். "பேசுனது நானா, இந்த பெல்ட்டான்னு எனக்கே தெரியல" என்றார். இடுப்பில் கை வைத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றால் தைரியம் வரும் என்று நீ அனுப்பிய வீடியோவைக் காட்டினேன், பார்த்துவிட்டு இன்னும் பயந்துபோனார், ஏனென்றால் பெல்ட்டைக் கழற்ற வேண்டிய நாள் அதற்கு முந்தின வியாழக்கிழமை. இன்னும் ஒரே ஒரு நாள் இருக்கட்டும் என்று டாக்டரிடம் கெஞ்சினார், அவர் கேட்கவில்லை. நானும் பயத்தில், "கையெழுத்துதானே, போட்டுட்டு வந்துடுங்களேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். சாயங்காலம் வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "பழையபடி வளைஞ்சுதான் நின்னேன். குரலே வரல. காதுல விழலன்னு முதலாளி ரெண்டு தடவை சொல்ல வெச்சார். ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னேன்." அந்தப் பெண்ணின் வேலை தப்பித்தது. அப்பாவை மட்டும் மருந்து வைக்கும் குளிர் அறை வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இப்போதுதான் ஆறிவரும் முதுகு அதைத் தாங்குமா, சூப்பர்வைசர் இதோடு விடுவாரா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேனேஜரிடம் பேசவே பயமாக இருக்கிறது என்று போனில் சொன்னாயே, நீயும் அவர் அறைக்குள் நிமிர்ந்து போனால் நல்லது, முடியாவிட்டால் குறுகியே போ, சொல்ல வேண்டியதை மட்டும் விழுங்கிவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராது, நல்லபடியாக இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே. அப்பாவிடம் நீயாக எதுவும் கேட்காதே, அவர் சொன்னால் முதல் தடவை கேட்பது போலக் கேட்டுக்கொள்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா