ஒழுங்கீனம் என்றே எழுதிக் கொடுங்கள்

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் நல்ல பனி. எதிர்வீட்டு மாடியே தெரியவில்லை. தோசை ஊற்றும்போது சீர்காழியிலிருந்து போன். வேலை கிடைத்துவிட்டது!! அறுப்பு மெஷின்களை வாடகைக்கு விடுகிறார்கள். எந்த வண்டி எந்த வயலுக்கு என்று பார்த்து அனுப்பும் வேலை எனக்கு. பேசியது முதலாளியம்மா மங்கையர்க்கரசி.

"திங்கக்கெழம சேந்துக்குங்க. பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டர் மட்டும் முன்னாடியே கொண்டாந்து காட்டிடுங்க."

தோசை கருகியது. அத்தா, "பரவால்ல குடு, இன்னிக்கு இதுதான் ருசி" என்றார்.

குளிக்கும்போதுதான் அந்த 'மட்டும்' உறைத்தது. பழைய கம்பெனி என்னை அனுப்பவில்லை, துரத்தியது. திருவாரூர் டிராக்டர் ஷோரூம், சர்வீஸ் பிரிவு. போன மாதம் குடவாசல் விவசாயி ஒருவரின் அறுப்பு மெஷின் பழுது பார்த்துத் தயாராக நின்றது. மேனேஜர் கையெழுத்தில்லாமல் வெளியே விடக்கூடாது. அவர் தஞ்சாவூரில். எத்தனை தடவை அடித்தும் போனை எடுக்கவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, அந்த மனிதரின் சம்பா முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டேன். மறுநாளே 'ஒழுங்கீனம், பணிநீக்கம்'.

பிப்ரவரி 11, புதன்

ஷோரூம் போனேன். பச்சைச் சுடிதார் (தைரியத்துக்கு).

மேனேஜர் உட்காரச் சொன்னதே ஆச்சரியம். "போனை ஏன் எடுக்கலன்னு ஹெட் ஆபீஸ்ல என்னைக் கொடையிறாங்க. நீயா விலகுனதா பழைய தேதி போட்டு எழுதிக் குடும்மா. அந்தாளுகிட்ட காசு வாங்கிட்டுத்தான் சாவியக் குடுத்தேன்னு ஒரு வரி சேத்துக்க. ஃபைலோட போயிரும். உனக்குச் சுத்தமான லெட்டர் தரேன்."

சுத்தமான லெட்டர். ஒரு நிமிடம், நிஜமாகவே ஆசையாக இருந்தது.

"நான் காசு வாங்கல சார். ஒழுங்கீனம்னே எழுதிக் குடுங்க. எப்ப வந்தேன், என்ன வேலை பார்த்தேன், ஏன் தூக்குனீங்க, எல்லாத்தையும் எழுதுங்க."

"அதக் காட்டுனா எவன் வேலை குடுப்பான்?"

"அது என் கவலை சார்."

வெளியே வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டிக்கடையில் பன்னீர் சோடா. அங்கேயே நின்று ஹெட் ஆபீசுக்கு நடந்ததை அப்படியே மெயில் அனுப்பினேன். எழுத்துப்பிழை இருக்கும். போகட்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

வெயில். துணி ஊற வைத்திருந்தேன். அக்கவுண்ட்ஸ் கலா அக்கா போனில் குசுகுசுவென்று, "பர்வீனு, ஓடியா! ஹெட் ஆபீஸ்லேர்ந்து செம டோஸ் அவருக்கு. லெட்டர் ரெடி."

துணி அப்படியே. ஆட்டோ.

மேனேஜர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். சீல், கையெழுத்து, எல்லாம் சரி. 'அனுமதியின்றி இயந்திரத்தை வெளியே அனுப்பிய ஒழுங்கீனத்துக்காக.' காசு பற்றி ஒரு சொல் கிடையாது!

வீட்டில் அம்மா மட்டும், "இத ஃபிரேம் போட்டு மாட்டவா?" என்றாள். கோபம்தான்.

பிப்ரவரி 13, வெள்ளி

சீர்காழி. மயிலாடுதுறை வரை நின்றுகொண்டே பயணம்.

முதலாளியம்மா லெட்டரை இரண்டு முறை படித்தார். மாவு மில்லுக்கு வந்தவர் போலச் சாதாரணப் புடவை. பார்வை மட்டும் கூர்மை. நடந்ததைச் சொன்னேன். ராஜினாமா பேரத்தையும்.

"என் வண்டியையும் இப்பிடி யாரையும் கேக்காம அனுப்புவீங்களா?"

"மொதல்ல உங்களுக்குப் போன் பண்ணுவேங்க."

"எடுக்கலன்னா?"

பொய் சொல்லலாம். வாய் வரவில்லை. "மழை வர்ற மாதிரி இருந்தா... அனுப்பிருவேங்க."

போச்சு என்று நினைத்தேன். அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு மூணு நம்பர் இருக்கு. எழுதிக்குங்க. மூணும் அடிச்சுப் பாத்துட்டு அனுப்புங்க. திங்கக்கெழம எதுக்கு, இன்னிக்கே உக்காருங்க. ஆளில்ல."

உட்கார்ந்துவிட்டேன்! சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போன் அடிக்கிறது. கொள்ளிடத்தில் ஒருவருக்கு உடனே வண்டி வேண்டுமாம்.