அப்பாவின் கைக்கட்டு

மார்ச் 3

செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

தொலைபேசியில் பேசினால் என் குரல் உயரும். ஆகவே எழுதுகிறேன்.

இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து உங்கள் வார்டில் படுத்திருக்கும் என் தந்தையை நேற்று வந்து பார்த்தேன். அவருடைய இரண்டு மணிக்கட்டுகளும் கட்டில் கம்பியோடு துணிப்பட்டையால் கட்டப்பட்டிருந்தன. "ஏம்மா கட்டி வச்சிருக்கீங்க?" என்று பணியிலிருந்த பெண்ணைக் கேட்டேன்.

"ட்ரிப்ஸைப் பிடுங்கறார் சார். விட்டா கட்டிலை விட்டு இறங்கி விழுந்துடுவார்."

"கட்டினா விழமாட்டாங்கன்னு யார் சொன்னது?"

"எப்பவும் இப்படித்தான் சார். சூப்பரின்டெண்டண்ட் மேடம் வச்சிருக்கற ரூல். உங்க தங்கச்சிதானே அவங்க?"

நான் புள்ளியியல் கற்பிப்பவன். 'எப்பவும் இப்படித்தான்' என்று ஒரு மாணவன் விடைத்தாளில் எழுதினால் பூஜ்ஜியம் போடுவேன். கட்டுவதால் நோயாளிக்கு நன்மை என்பதற்கு ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் அப்பாவின் கைகளை உடனே அவிழ்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் மகன்

---

மார்ச் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

கண்காணிப்பாளருக்கு வந்த கடிதத்தைத் தங்கச்சி பிரித்துப் படித்துவிட்டாள். கோபித்துக்கொள்ள வேண்டாம், ஏற்கெனவே கோபத்தில்தான் இருக்கிறீர்கள்.

நீங்கள் ஒரு மாலை வந்து பார்த்துவிட்டுப் போனீர்கள். அந்தப் பட்டையைத் தினமும் சரிபார்ப்பவள் நான். அப்பா என் முகத்தைப் பார்க்கும்போது நான் சுவரைப் பார்க்கிறேன். அவிழ்க்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அப்பாவை மட்டும் அவிழ்த்தால், பக்கத்துக் கட்டிலில் அதேபோல் கட்டப்பட்டிருப்பவரின் மகளுக்கு என்ன பதில் சொல்வேன்? என் அப்பாவுக்கு ஒரு நியாயம், அவள் அப்பாவுக்கு ஒரு நியாயமா?

ஆதாரம் கேட்டீர்கள். தேடினேன். எனக்கு முன்னால் இருந்தவர் கட்டினார், நானும் கட்டினேன், அவ்வளவுதான். கட்டினால் விழுவது குறையும் என்று நம்பும்படி எந்த ஆய்வும் எனக்குக் கிடைக்கவில்லை. கட்டினால் குழப்பம் கூடும், தோல் புண்ணாகும் என்று சொல்பவைதான் கிடைத்தன. அவற்றை எடுத்துக்கொண்டு தலைமை மருத்துவரிடம் போனேன்.

"முப்பது வருஷமா கட்டறோம் சிஸ்டர். இப்ப என்ன திடீர்னு?"

"முப்பது வருஷமா யாரும் கேக்கல டாக்டர்."

"அவிழ்த்துவிட்டு யாராவது விழுந்தா?"

"கட்டி வச்சப்ப மட்டும் யாரும் விழலையா?"

நான் கொண்டுபோன தாள்களைப் புரட்டினார். பிறகு, "வார்டு முழுக்க அவிழ்த்து ஒரு மாசம் பார்ப்போம். உங்க அண்ணன் மாதிரி எனக்கு யாரும் லெட்டர் போடாம பாத்துக்குங்க" என்றார்.

ஆய்வுகளைப் படித்தால் மட்டும் போதாது அண்ணா. நோயாளியையும் தெரிந்திருக்க வேண்டும். அதில்தான் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவிழ்த்ததும் அப்பா பிடுங்கத்தான் செய்கிறார். ஆனால் முகத்தில் கோபமில்லை. குழாயை இழுக்கிறார், எதிரே எதிலோ செருகுவதுபோல நீட்டுகிறார், கட்டைவிரலால் எதையோ தள்ளுகிறார். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. பிறகு மறுபடியும் முதலிலிருந்து. உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா?

உங்கள்,
தங்கச்சி

---

மார்ச் 10

தங்கைக்கு,

அப்பாவை மட்டும் என்று கேட்டது நான். எல்லோரையும் என்று திருத்தியது நீ. நன்றி.

அவர் பிடுங்கவில்லை. வேலை செய்கிறார். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக லைன் கொடுத்த காலத்தில், துளைகள் நிறைந்த பலகைக்கு முன்னால், வயரை இழுத்துச் செருகி, கட்டைவிரலால் சிறு விசையைத் தள்ளி, "எந்த நம்பர் வேணும்?" என்பார். பள்ளி விட்டதும் நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். நீ அப்போது கைக்குழந்தை. உனக்கு விவரம் தெரிவதற்குள் பலகையை எடுத்துவிட்டார்கள். அப்பா மேசை வேலைக்கு மாறிவிட்டார். உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எனக்குத் தெரியும், என்னை எவரும் கேட்கவில்லை.

வேலையில் இருந்த மனிதரின் கைகளைக் கட்டியிருக்கிறார்கள். என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அது இப்போது உன்மேல் இல்லை, கேள்வியே கேட்கப்படாத அந்த முப்பது வருடத்தின்மேல்.

கழுத்தில் சுற்ற முடியாத அளவுக்குக் குட்டையான வயர் ஒன்றை அவரிடம் கொடுத்துப் பார்.

அண்ணன்

---

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

வயரைக் கையில் கொடுத்ததும், "பலகை எங்கேம்மா?" என்றார். துளை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றை மடியில் வைத்தோம். அன்று முதல் ட்ரிப்ஸ் பக்கம் கை போகவில்லை. அதைவிட வேடிக்கை, அடுத்த நாள் தலைமை மருத்துவர் வந்து, "நல்லா சாப்பிடறார், தண்ணி குடிக்கிறார். ட்ரிப்ஸ் இன்னும் எதுக்கு ஓடுது?" என்று கேட்டார். அதுவும் வெறும் வழக்கத்தால்தான் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டோம்.

வார்டில் இப்போது யாரையும் கட்டுவதில்லை. கட்டில்களைத் தாழ்த்தினோம். மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் பையிலிருந்து எடுத்து அவரவரிடம் கொடுத்தோம். வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவிட்டோம். ஒருவர் விழுந்தார், பெரிய அடியில்லை. கட்டி வைத்திருந்த மாதத்தில் விழுந்தவர்கள் இன்னும் அதிகம். ஒரு மாதத்தை வைத்து நிரூபித்துவிட்டேன் என்றால் எனக்கும் பூஜ்ஜியம் போடுவீர்கள். அதனால் தொடர்ந்து பார்க்கிறோம்.

ஒரு செவிலி, "சார், எங்க வீட்டுக்கு ஒரு லைன் குடுங்க" என்று கேட்டாள். வயரைச் செருகிக் காத்திருந்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் எடுக்க மாட்டேங்கறாரும்மா" என்றார் அப்பா. "நிஜமாவே எடுக்க மாட்டார் சார்!" என்றாள் அவள். பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கட்டு அவிழ்ந்த இரண்டு கைகளாலும்.

வெள்ளிக்கிழமை அப்பாவை வீட்டுக்கு அழைத்து வருகிறேன். கண்காணிப்பாளரைப் பார்க்கவாவது வாருங்கள்.

உங்கள்,
தங்கச்சி

---

ஏப்ரல் 20

அன்புள்ள குட்டிக்கு,

நேற்று வந்தேன். நீ பணிக்குப் போயிருந்தாய். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். மருமகன் வேலை, பேரன் படிப்பு, இடுப்புவலி எல்லாவற்றையும் தெளிவாகப் பேசினார். மணிக்கட்டில் பட்டையின் தடம் மங்கலாக இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்தவுடன் எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. உன் மருத்துவமனை நிர்வாகம், அதற்கும் மேலே உள்ளவர்கள் என்று ஆரம்பித்து உரத்த குரலில் பேசிக்கொண்டே போனேன்.

அவர் குறுக்கே பேசவில்லை. மடியில் இருந்த பெட்டியை நேராக்கி, வயரைக் கையில் எடுத்தார்.

"எந்த நம்பர் சார் வேணும்?"

விளையாட்டா, நிஜமா என்று முகத்திலிருந்து தெரியவில்லை.

"தங்கச்சிக்கு," என்றேன்.

செருகினார். கட்டைவிரலால் தள்ளினார்.

"லைன் குடுத்துட்டேன். கத்தாம பேசுங்க சார். அங்க நல்லாக் கேக்குது."

கத்தவில்லை, குட்டி. அந்த லைனில் உன்னிடம் மெதுவாகப் பேசினேன். நீ கேட்டுக்கொண்டாய். நன்றி.

உன்,
அண்ணன்