ஏழாம் பாகத்து வளைவில் நடந்தது

ஹாரன் அடிக்காமல் எந்த வளைவிலும் திரும்பாத என் பாசமுள்ள குமாரண்ணனுக்கு,

இதனால் கச்சிராயபாளையம் ஜீப் ஸ்டாண்டு தொடங்கி மேலுலகம் வரையிலுள்ள சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் ஜீப்பின் இடப்பக்க வைப்பர் நேற்று மாலை இயற்கை எய்தியது. நெடுநாளாக மூட்டுவலியால் அவதிப்பட்டுவந்த அன்னார், காக்கா எச்சத்தைத் துடைக்கும் கடமையின்போது கழன்று விழுந்து உயிர்நீத்தார். நல்லடக்கம் பின்சீட்டுக்கு அடியில் நடந்தது. அன்னாருக்கு வலப்பக்க வைப்பர் என்ற ஒரே உடன்பிறப்பு உண்டு. அது இன்னும் தனியாகவே ஆடிக்கொண்டிருக்கிறது.

சிரித்தாயா? நீ சிரித்தால்தான் எனக்கு அடுத்த வரி ஓடும். இன்றைக்கு எனக்கு எதுவுமே ஓடவில்லை அண்ணா.

உன் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் வைக்கப் போகிறோம். "நாலு வரி எழுதிக் குடுடா வாலு, போதும்" என்றார் அண்ணி. எனக்கு நாலு வரியில் அடங்குமா? பாலு என்று பெயர் வைத்த பிள்ளையை வாலு ஆக்கியவனே நீதானே. வால் நீளும், பொறுத்துக்கொள். ஸ்டாண்டுக்காரர்களும் படிக்கட்டும். ஃபிளெக்ஸ் கடைக்காரர் எழுத்தை எறும்பு சைஸுக்குக் குறைத்துக்கொள்ளட்டும்.

இப்போது மணி நாலைத் தாண்டிவிட்டது. நான் ஸ்டாண்டில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மலை இருக்கிற பக்கம் மலையே தெரியவில்லை, அவ்வளவு கறுப்பு. அண்ணி காலையில் நம் ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனார். வயிற்று வலி என்று நான் கூடப் போகவில்லை. இரண்டு மணிக்குள் இறங்கிவிடுவேன் என்றார். இன்னும் வரவில்லை. போன் போட்டால் பதிவுக் குரல் பெண்மணி தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறார். எனக்குத் தெரியாதா அது?

ஆமாம், சரியாகத்தான் படித்தாய். அண்ணிதான் ஓட்டுகிறார். அணைக்கட்டு ரோட்டில் நீ பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது விளையாட்டு என்று நினைத்தோம். நீ போன பிறகு தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்த ஜீப்பை அண்ணியே கழுவினார், அண்ணியே போய் லைசென்ஸ் எடுத்தார். முதல் நாள் ஸ்டாண்டில் ஒரு பெரியவர், "மலை ரோடும்மா, கொண்டை ஊசி வளைவுங்கோ ஜாஸ்தி. பொம்பளைக்கு இன்னாத்துக்கு இந்த வேலை?" என்றார். அண்ணி முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டே, "கொண்டை ஊசின்னு பேரை வெச்சிட்டு, கொண்டை போட்டவ வரக்கூடாதுன்னா எப்படிண்ணே?" என்றார். டீ மாஸ்டர் டீயைக் கைமேலேயே ஊற்றிக்கொண்டார். எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய வசனம் அது. பொறாமையில் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த சேதி உனக்குப் பிடித்தது. நாம் விடாமல் பார்க்கும் இங்கிலீஷ் கார் படத்தின் அடுத்த பாகம் வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சிக்கு வருகிறது. தமிழ் டப்பிங்கில். போஸ்டரில் அதே மொட்டைத் தலை, அதே கை வைக்காத பனியன், பின்னால் அதே நெருப்பு. கார் இந்தத் தடவை எங்கிருந்து குதிக்கும் என்று தெரியவில்லை. விமானத்திலிருந்து குதித்துவிட்டது, மாடியிலிருந்து மாடிக்குத் தாவிவிட்டது. பாக்கி இருப்பது நம் கோமுகி அணைதான்.

அந்தப் படத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று அம்மா கேட்பார்களே, அதை இந்த பெஞ்சில் உட்கார்ந்து நிறைய யோசித்தேன். யாரும் பெட்ரோல் பங்குக்குப் போவதில்லை. குறுக்கே மாடு வருவதில்லை. கரும்பு டிராக்டர் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. கியர் மட்டும் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நீ தியேட்டரிலேயே சத்தமாகக் கேட்டாயே, "இன்னாடா இது, முருங்கைக்காய் பறிக்கிற மாரி கியரை இழுத்துக்கினே கீறான்! மொத்தம் எத்தினி கியருடா அந்த வண்டிக்கு?" என்று. முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இவ்வளவு குறை சொல்லிவிட்டு, அடுத்த பாகத்துக்கு முதல் ஆளாக டிக்கெட் எடுப்பதும் நீதான்.

எதற்காக? நான் கண்டுபிடித்துவிட்டேன். கடைசிக் காட்சிக்காக. எல்லாக் காரும் நொறுங்கிய பிறகு எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் அல்லவா, அங்கேதான் நீ மூக்கை உறிஞ்சுவாய். கேட்டால் சளி என்பாய். பாகத்துக்குப் பாகம் உனக்குச் சளி பிடித்தது. அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா. "நம்ப குடும்பமும் அதே மாரிதான்டா, காருதான் கம்மி" என்பாய்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் படத்தில் செத்தவர்கள் திரும்பி வருவார்கள். ஒரு பாகத்தில் வண்டியோடு வெடித்துச் சிதறிய ஆள், இரண்டு பாகம் தள்ளிக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கதவைத் திறந்துகொண்டு வருவான். காரணம் கேட்டால் ஏதோ சொல்வார்கள். யாரும் கேட்க மாட்டார்கள். வந்தால் போதும் என்று தியேட்டரே விசில் அடிக்கும்.

நீ எந்தப் பாகத்தில் வருவாய் அண்ணா?

உன் வண்டி வெடிக்கவும் இல்லை. இத்தனை வருடம் மலை ரோட்டில் ஓட்டிய ஆள், ஒரு கீறல் இல்லாமல், டெங்குக் காய்ச்சலில் ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு போனாய். டிரைவர் வளைவில் ஹாரன் அடிக்கவில்லை என்று அந்த நிலையிலும் முனகினாய். அதுதான் நான் கடைசியாகக் கேட்டது.

ஏதோ வண்டிச் சத்தம் கேட்கிறது. இரு.

இல்லை. டவுன் பஸ்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மூங்கில்துறைப்பட்டுக் கரும்பாலைக்கு டிராக்டர் ஓட்டும் ஒருவர் நம் ஜீப்பை விலைக்குக் கேட்கிறார். அப்பா நாளைக்கு வரச் சொல்லிவிட்டார். வண்டி கையை விட்டுப் போனால் அண்ணி மறுபடி களை எடுக்கத்தான் போக வேண்டும். இன்றைக்கு அப்பா தடுத்தும் கேட்காமல், "இன்னைக்கு ஒரு நடை போய்ட்டு வந்துடறேன் மாமா, அப்பால உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

அப்பா ஏன் இந்த முடிவுக்கு வந்தார் என்று கேட்கிறாயா? முந்தாநாள் நடந்ததால். அதை நான் ஸ்டாண்டில் எப்படிச் சொன்னேனோ, அப்படியே உனக்கும் சொல்கிறேன்.

மலையில் பெரிய வளைவுகளுக்கெல்லாம் கீழேயிருந்து வரிசையாக நீ நம் படத்தின் பாகங்களைப் பெயராக வைத்தாயே, முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று. சின்ன வளைவுக்குப் பாகம் கிடையாது. "அதெல்லாம் டிரைலருடா" என்பாய். அதனால் ரோட்டோரத்துப் போர்டில் இருக்கும் நம்பர் ஒன்று, நம் கணக்கு வேறு. ஆறாம் பாகத்தை இரண்டாவது கியரிலேயே வீசி ஏறிவிடலாம். ஏழாம் பாகம் செங்குத்து, நுழையும் முன்பே முதல் கியருக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வண்டி மூச்சை விட்டுவிடும். அண்ணி படத்தில் ஒரு பாகம்கூடப் பார்த்ததில்லை, ஆனால் எந்தப் பாகத்துக்கு எந்த கியர் என்பது அவருக்கு மனப்பாடம்; மலையில் எண்ணிக்கை மட்டும்தான் தவறும். முந்தாநாள் ஆள் ஏற்றிக்கொண்டு முதல் நடை. "நீ பக்கத்துல உக்காந்து பாகம் சொல்லிக்கினே வா, நான் ரோட்டைப் பாத்துக்கறேன்" என்றார். இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே கிடையாது. எந்தப் பாகத்தில் எந்தக் கார் எங்கே பறக்கும் என்று பள்ளிக்கூடத்தில் என்னைக் கேட்டுத்தான் பந்தயமே முடிப்பார்கள்.

ஏழாம் பாகத்தில் அண்ணி இரண்டாவது கியரிலேயே ஏற்றிவிட்டார். வளைவின் நடுவில் ஜீப் இருமி நின்றது. பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே ஆட்கள் அலறுகிறார்கள். ஒரே தாவு! கதவைத் திறந்து குதித்தேன், உருண்டு எழுந்தேன், பாறாங்கல்லை ஒரு கையால் தூக்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். ஜீப் நின்றது. மொட்டைத் தலை மட்டும் அங்கே இருந்திருந்தால் பனியனைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டிருப்பார்.

ஸ்டாண்டே கை தட்டியது. டீ மாஸ்டர் காசு வாங்காமல் பன் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் கதை வீட்டுக்கு நடந்து போய்விட்டது, என்னைவிட வேகமாக. அப்பா அண்ணியைக் கேட்டார், "இன்னாம்மா, கியர் மாத்த மறந்துட்டியாமே?" அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்து, "ஆமாங்க மாமா, நாந்தான்" என்றார். அன்று ராத்திரியே அப்பா டிராக்டர்காரருக்குப் போன் போட்டுவிட்டார்.

மழை இங்கேயும் ஆரம்பித்துவிட்டது. தாளில் சொட்டுகிறது. டீ மாஸ்டர், "தம்பி, மேல மண்ணு சரிஞ்சிருந்தா வண்டிய அங்கியே நிறுத்திட்டு இருப்பாங்க, பயப்படாத" என்கிறார். அந்த வாக்கியத்தில் 'பயப்படாத' மட்டும்தான் ஆறுதல், மற்றதெல்லாம் பயம். இதே பெஞ்சில்தான் ஒரு தடவை, சினிமாக்காரர்களுக்கு ஜீப் ஓட்ட ஆள் வேண்டும் என்று நான் புரளி கிளப்பி, ஸ்டாண்டு மொத்தமும் எண்ணெய் தடவி வகிடெடுத்து வந்து உட்கார்ந்திருந்தது. இன்று ஒருவரும் என்னிடம் வாய் கொடுக்கவில்லை. என் மூஞ்சி அப்படி இருக்கிறது போல.

அண்ணா, ஒரு பேரம். அண்ணி முழுசாக வந்து சேர்ந்தால், ஏழாம் பாகத்தில் உண்மையில் நடந்ததை இந்தத் தாளிலேயே எழுதிவிடுகிறேன். மேலே யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல். இன்று நான் ஏன் கூடப் போகவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். சீக்கிரம் சொல்.

யாரோ மோட்டார் சைக்கிளில் மேலேயிருந்து வருகிறார். கேட்டேன். "ரோட்ல மரம் விழுந்து கீது. வெட்டிக்கினு இருக்காங்க" என்கிறார். ஒரு பெண் ஓட்டும் ஜீப்பைப் பார்த்தீர்களா என்றால், "மழையில யாரைப் பாத்தேன்" என்கிறார்.

எழுத வரவில்லை.

அண்ணா! ஹாரன். இரண்டு குட்டை, ஒரு நீளம். நீ அடிப்பது மாதிரியே. ஸ்டாண்டு முழுக்க எழுந்து நிற்கிறது. நம் ஜீப்தான், கூரைவரை சேறு, ஒற்றை வைப்பர் மட்டும் போய் வந்துகொண்டிருக்கிறது. அண்ணி இறங்கி, கால் மண்ணை உதறிவிட்டு, "டேய் வாலு, வவுத்து வலி இப்ப எப்படி கீது?" என்கிறார். ஏழாம் பாகத்தை முதல் கியரில், மழையில், யாரும் பாகம் சொல்லாமலேயே ஏறி இறங்கியிருக்கிறார். கொண்டையில் ஒரு ஊசிகூடக் கழலவில்லை. பெரியவர் தன் டீயை அண்ணியிடம் நீட்டிவிட்டார்.

பேரம் பேரம்தான். எழுதுகிறேன். என்னைப் பார்க்காதே.

எனக்கு வயிற்று வலி இல்லை. பயம். முந்தாநாள் முதல் பாகம் தாண்டியதுமே கண்ணை மூடியவன், கடைசிவரை திறக்கவில்லை. உடம்பு சாய்வதை வைத்து எண்ணிக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு முழுப் படத்தை டிரைலர் என்று நினைத்துவிட்டேன். ஏழாம் பாகத்தில் நின்றுகொண்டு, "ஆறாம் பாகம் அண்ணி, ரெண்டுலயே போங்க" என்று கத்தியது நான்தான். அண்ணி நான் சொன்னபடிதான் ஓட்டினார். வண்டி உருண்டபோது பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தியதும் அண்ணிதான். கல் வைத்தது, பின்சீட்டில் உரமூட்டையோடு உட்கார்ந்திருந்த வெள்ளிமலை அக்கா. நான் கதவைத் திறந்ததும் குதித்ததும் உண்மை. குதித்து, ரோட்டோரம் வாந்தி எடுத்தேன். கண்ணை மூடியே வந்த எனக்கு இடப்பக்க வைப்பர் போனதில் ஒரு நட்டமும் இல்லை. அந்தக் கண்ணாடி வழியாக நான் எதையும் பார்த்ததே இல்லை.

தியேட்டரிலும் அப்படித்தான் அண்ணா. எந்தப் பாகத்திலும் ஒரு துரத்தல்கூட முழுசாகப் பார்த்ததில்லை. கார் வேகம் எடுத்ததும் கண்ணை மூடிக்கொள்வேன். நீ என் காதில், "இப்ப பாலத்துல போறான், இப்ப தாண்டிட்டான், ஒண்ணும் ஆவல" என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். நான் பள்ளிக்கூடத்தில் விற்றதெல்லாம் நீ சொன்னதுதான். உனக்கு முதலிலிருந்தே தெரியுமா? தெரிந்துதான் சொன்னாயா?

ஜீப்பில் ஏறப் போகிறேன். வீட்டுக்குப் போனதும் இந்தத் தாளை அப்பாவுக்கு முதல் வரியிலிருந்து படித்துக் காட்டுவேன், டிராக்டர்காரர் வரும் முன்பே. அப்பா அடித்தால் வாங்கிக்கொள்வேன். வெள்ளிக்கிழமை அண்ணியைக் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போவேன். உன் சீட்டைக் காலியாக விட்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, நடப்பதையெல்லாம் அந்தப் பக்கம் குனிந்து உனக்குச் சொல்வேன். சத்தியம். ரொம்ப வேகமாகப் போனால் மட்டும் விரலிடுக்கு வழியாக.

இப்படிக்கு,
உன் காது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
பயந்தாங்கொள்ளித் தம்பி,
வாலு