ஏற்றிச் சொன்ன எடை

திருவண்ணாமலை
11-12-83

அன்பு மகன் அருணகிரிக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் மஸ்கட்டில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுத வந்த கையை நிறுத்திக்கொண்டேன். அந்த வரியை இந்த முறை எழுதப் போவதில்லை, ஏன் என்று முழுதும் படித்தால் தெரியும். உடனே பதறிவிடாதே, யாரும் படுத்த படுக்கையாக இல்லை. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அம்மா இருந்திருந்தால் அவளிடம் சொல்லி நாலு திட்டு வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன், இப்போது உன்னை விட்டால் எனக்கு யார். நீல ஏர்மெயில் தாளில் இடம் போதாது என்று வெள்ளைத் தாள் வாங்கி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ மூர் மார்க்கெட்டில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாயே அந்தக் கொண்டைக் கிளி ஜோடி, காக்டெயில் என்று நீ சொல்லுவாய், எனக்கு அது வாயில் நுழைவதில்லை, அது கார்த்திகை தீபத்துக்கு முன்பே கூண்டில் கட்டின பானைக்குள் மூன்று முட்டை இட்டு மூன்றையும் பொரித்துவிட்டது. முதல் இரண்டும் நன்றாகத் தின்று கொழுத்துவிட்டன. கடைசியாகப் பொரிந்ததை இரண்டும் மிதித்துத் தள்ளி அடியில் போட்டுக்கொண்டன, தாயும் தகப்பனும் அதன் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்பதாம் நாள் மருமகள் வேதா பானைக்குள் கையை விட்டு எடுத்தபோது அதன் வயிறு சில்லென்று இருந்ததாம். உன் சிநேகிதன் வாட்ச் கடை நசீர் அகமதுவைக் கூட்டி வந்து காட்டினோம். அவன் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவன் அல்லவா, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு எடை ரொம்பக் கம்மி, பானையில் விட்டால் நாளைக்கு இருக்காது, கையால் ஊட்டினால் ஒருவேளை பிழைக்கலாம் என்றான். இரண்டு மணிக்கு ஒரு தரம் வெதுவெதுப்பாகக் கஞ்சி, சூடு ஜாஸ்தியானால் தொண்டை வெந்துபோகும், ஆறிப்போனால் தீனிப்பையிலேயே தங்கிப் புளித்துவிடும், தினம் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்க்க வேண்டும், முப்பது கிராமைத் தாண்டின பிறகுதான் நாலு மணிக்கு ஒரு தரம் ஆக்கலாம், இப்படியெல்லாம் சொன்னான். எனக்குக் கேட்கவே தலை சுற்றியது. நானாக இருந்தால் விட்டிருப்பேன். வேதா எழுந்து பீரோவைத் திறந்து உனக்குப் பாலூட்டிய வெள்ளிச் சங்கை எடுத்து வந்து புளி போட்டுத் துலக்க ஆரம்பித்தாள். அந்தச் சங்கு யாருக்காக எடுத்து வைத்திருந்தது என்று உனக்கே தெரியும்.

இப்போது உனக்கு எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். ஆகஸ்டில் குழந்தை போன பிறகு நான் போட்ட ஒவ்வொரு கடிதத்திலும் வேதா தேறி வருகிறாள், வேளைக்குச் சாப்பிடுகிறாள் என்று எழுதினேன். அது பொய். கீழ்பென்னாத்தூரில் தாய் வீட்டில் ஒரு மாதம் இருந்தாள், வருகிற போகிறவர்கள் எல்லாம் கேள்வி கேட்கிறார்கள் என்று இங்கேயே வந்துவிட்டாள். வந்த நாள் முதல் காலையில் அரை டம்ளர் கஞ்சி, மத்தியானம் தட்டில் போட்டதைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோவாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது. கேட்டதற்குப் பதில் உண்டு, தானாக ஒரு வார்த்தை கிடையாது. கோயிலுக்குப் போவது நின்றுபோயிற்று, நம் வீட்டு மாடியிலிருந்து தீபம் தெரியும், அதைப் பார்க்கக்கூட அவள் ஏறவில்லை. உங்கள் கல்யாணத்துக்கு மறுவாரம் வேலூர் பஸ் ஸ்டாண்டு எடை மெஷினில் ஏறி ஐம்பத்தொரு கிலோ என்று அட்டை எடுத்து வந்தீர்களே, நீகூட அரிசி மூட்டை என்று அவளைக் கேலி செய்தாய், அந்த அட்டை இன்னமும் கண்ணாடிச் சட்டத்தில் செருகியபடி இருக்கிறது. மாமனார் நான், ஒரு பெண்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏனம்மா இப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. உன்னிடமாவது சொல்லியிருக்கலாம். கடல் தாண்டி இருக்கிற பிள்ளையைக் கலங்க வைக்கக் கூடாது என்று மறைத்துவிட்டேன்.

குஞ்சு வந்த பிறகு ஒன்று நடந்தது. கேழ்வரகையும் பச்சைப்பயறையும் வறுத்து அரைத்து, கஞ்சி காய்ச்சி மெல்லிய துணியில் வடிகட்டி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, சங்கு மூக்கை அதன் அலகோரம் வைப்பாள். அது தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டிக் குடிக்கும். தீனிப்பை நிறைந்ததும் வாயைத் துடைத்துவிட்டு, வெந்நீர் ஊற்றின ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குத் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்து அட்டைப் பெட்டியில் படுக்க வைப்பாள். இந்த மழையில் கரண்டு எப்போது போகும் என்று சொல்ல முடியாது, பல்பை நம்ப முடியவில்லை. அப்புறம் மீந்த கஞ்சியில் உப்புப் போட்டு அவளும் குடிப்பாள். ஒவ்வொரு தரமும் இப்படித்தான். நான் பார்க்காத மாதிரி பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன். இந்தக் குஞ்சு இருக்கிற வரைக்கும் இவள் சாப்பிடுவாள் என்று மனதுக்குள் விழுந்துவிட்டது, அதோடு கூடவே, இது போய்விட்டால் என்ன ஆகும் என்கிற பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

எடை பார்க்கிற வேலை மட்டும் என்னுடையது. நம் மருந்துக் கடையில் குங்குமப்பூ நிறுக்கிற சின்னத் தராசை வீட்டுக்கு எடுத்து வந்தேன். இந்தத் தட்டில் ஒரு துணி, அந்தத் தட்டில் அதே அளவு துணி, குஞ்சை ஒன்றில் வைத்து மற்றதில் கிராம் கற்களை ஏற்றினால் எடை தெரிந்துவிடும். தராசைத் தூக்கும்போது வேதா சமையலறைக்குப் போய்விடுவாள். ஏன் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நம் குழந்தையை அவள் கண்ணெதிரிலேயே தட்டில் போட்டு நிறுத்தார்கள், நர்ஸம்மா ஒன்றே கால் கிலோ என்று உரக்கப் படித்தாள், மறுநாள் குழந்தை இல்லை. அதிலிருந்து அவள் தராசு முகத்தையே பார்ப்பதில்லை. உள்ளேயிருந்தபடி எவ்ளோ மாமா என்று கேட்பாள், நான் சொல்லுவேன். முதல் நாள் இருபது. அப்புறம் இருபத்திரண்டு, இருபத்தைந்து, இருபத்தெட்டு. இருபத்தெட்டு என்று சொன்ன அன்றைக்கு, அப்ப பொழச்சிடும் இல்ல மாமா என்று அவளாக ஒரு வார்த்தை பேசினாள்.

மறுநாள் காலை நிறுத்தால் இருபத்தேழு. எவ்ளோ மாமா என்று கேட்டாள். அருணகிரி, முப்பது வருஷமாக நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன், கோதண்டராமன் தராசு பொய் சொல்லாது என்று மாட வீதியில் பேர் வாங்கியிருக்கிறேன், அந்தத் தராசைக் கையில் பிடித்துக்கொண்டு இருபத்தொன்பது என்றேன். நாளைக்கு ஏறிவிடும், அப்போது சரியாகிவிடும் என்று நினைத்தேன். மறுநாள் இருபத்தைந்து. முதல் நாள் சொன்ன பொய்க்குக் கீழே எப்படி இறங்குவது, முப்பத்தொன்று என்று சொல்லிவிட்டேன். அவள் நசீர் சொன்னதைக் கணக்காக ஞாபகம் வைத்திருந்தாள். முப்பதைத் தாண்டிவிட்டதே என்று கஞ்சியைக் கெட்டியாக்கி நாலு மணிக்கு ஒரு தரம் ஆக்கிவிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடையில் குஞ்சு பசியில் கீச்சு கீச்சென்று கத்தும்போது, இல்லடா இன்னும் நேரம் ஆவலடா என்று அதைச் சமாதானம் செய்வாள். கடைக்குப் போய் சுக்குக் கேட்டவருக்கு அதிமதுரத்தைக் கட்டிக் கொடுத்தேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் முகம் எப்படிப் போகும் என்று பயந்தே அன்று முழுக்க ஓட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அது தலையைத் தூக்கவில்லை. கத்தவும் இல்லை. தட்டில் வைத்தால் துணியோடு துணியாகக் கிடந்தது, இருபத்திரண்டு. உள்ளேயிருந்து குரல் வந்தது. இன்னொரு எண் வாய்வரை வந்தது, சொல்ல முடியவில்லை. தராசைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை, எந்த நாள், எவ்வளவு ஏற்றிச் சொன்னேன், ஏன் சொன்னேன், எல்லாம். அழுவாள் என்று நினைத்தேன். மயங்கி விழுந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று கொஞ்சம் கிட்டே போய்க்கூட நின்றேன். அவள் அழவில்லை, கோபித்துக்கொண்டாள். நம் வீட்டில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டேன். "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு ஏத்திச் சொன்னீங்களே மாமா, அதுல ஒரு கிராமாவது அதும் வயித்துல போய்ச் சேந்துதா?" என்றாள்.

அப்புறம் என்னைத் தாண்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து, தராசை அவளே தூக்கினாள். தட்டு இரண்டும் ஆடி நிற்க வெகுநேரம் ஆயிற்று. முள் நேரானதும் மறு தட்டுக் கற்களைக் கூட்டிப் பார்த்தாள், இருபத்திரண்டு என்று அவளே சொன்னாள். கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, சொட்டுச் சொட்டாக, ஒரு மணிக்கு ஒரு தரம் ஊட்டினாள். முதல் தரம் அது தலையை ஆட்டவே இல்லை, கஞ்சி அலகிலிருந்து வெளியே வழிந்தது. இரண்டாம் தரமும் அப்படியே. நான் கடையைத் திறக்கவில்லை, வெந்நீர் போட்டுப் போட்டுப் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தேன், அண்ணாமலையாரே இவள் கையில் இன்னொன்று போகக் கூடாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, மாமா சும்மா இருங்க, அது தூங்குது என்று அதட்டினாள். மூன்றாம் தரம் தலை ஒரு ஆட்டு ஆடிற்று.

அது நடந்து நாலு நாள் ஆகிறது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று, இருபத்தைந்து, இருபத்தாறு என்று வந்து இன்றைக்கும் இருபத்தாறிலேயே நிற்கிறது. கூடப் பிறந்த இரண்டும் எழுபதைத் தாண்டிவிட்டன. இன்னும் ஒரு வாரம் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்கிறான் நசீர். ஆகையால் பிழைத்துவிட்டது என்று உனக்கு எழுத மாட்டேன்.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. நேற்று உன் கடிதம் வந்தது. ஜனவரியில் லீவு தருகிறோம் என்று கம்பெனியில் சொன்னார்கள், வேதாதான் தேறிவிட்டாளே, அதனால் வேண்டாம் என்று சொல்லி இன்னும் ஓராண்டு அங்கேயே இருக்க ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேதா அதை இரண்டு தரம் படித்தாள். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அவருக்கும் இப்படித்தான் ஏத்தி எழுதனீங்களா மாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இதற்கு அவள் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. இப்போது என்ன எழுதட்டும், வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வரச் சொல்லவும் வேணாம், வரவேணாம்னும் வேணாம், இருக்கறத இருக்கற மாதிரி எழுதுங்க என்றாள். அதனால்தான் இத்தனை தாள். நான் எழுதினதை நம்பி நீ லீவை விடப் போகிறாய், குஞ்சைப் பட்டினி போட்ட மாதிரியே இதையும் நான்தான் செய்தேன். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டாயா இல்லையா என்று தெரியாமல் நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் போடவில்லை என்றால் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே யோசித்து முடிவு செய், முடிந்தால் தந்தி கொடு.

மற்றபடி இங்கே விடாத மழை, பின்பக்கச் சுவரில் ஒரு ஓரம் சரிந்துவிட்டது, தை பிறந்ததும் கட்டிக்கொள்ளலாம். நீ வெயிலில் அலைந்துவிட்டு வந்த உடனே ஐஸ் தண்ணீர் குடிக்காதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. உன் கடிதங்களிலும் நான் சௌக்கியம் நான் சௌக்கியம் என்றுதான் வருகிறது, நீயும் என் பிள்ளைதானே, அதையும் இனிமேல் அப்படியே நம்ப எனக்குத் தைரியம் இல்லை, உண்மையை எழுது.

இன்று காலை குஞ்சுக்கு ஊட்டி முடித்துப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேதா கடைக்கு வந்தாள். தாய் வீட்டிலிருந்து வந்த பிறகு அவள் தெருவில் இறங்கியது இதுதான் முதல் தரம். உள்ளே மூட்டை நிறுக்கிற பெரிய தராசு இருக்கிறதே, பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அதன் பலகையில் ஏறி நின்றாள். நான் கிட்டே போனேன், வேணாம் மாமா என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அவளே எடைக்குண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். என்ன காட்டியது என்று என்னிடம் சொல்லவில்லை. கடிதத்தின் அடியில் எனக்கு ரெண்டு வரி இடம் விடுங்க என்று மட்டும் கேட்டாள். விட்டிருக்கிறேன், நான் படிக்காமலே ஒட்டிப் போடுவேன்.

அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும் உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும். தந்தியை மறந்துவிடாதே.

உன் அப்பா
மு. கோதண்டராமன்

என்னங்க, குஞ்சு இருபத்தாறு கிராம். நான் முப்பத்தெட்டு கிலோ. ரெண்டையும் நானே நிறுத்துப் பார்த்தேன்.
வேதா