பதினான்கு வண்டிக்கு ஒரு மோல்டு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள யுவனுக்கு,

சத்யப்ரியா எழுதுவது. அங்கே நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுத எனக்குக் கை வரவில்லை.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். அதைக் குறை சொல்ல மாட்டேன். அனு செவ்வாய்க்கிழமை மஸ்கட்டுக்கு உன்னோடு குடித்தனம் நடத்தப் புறப்படுகிறாள் என்று உன் அம்மா சொன்னார்கள். அவளிடம் கொடுத்தனுப்பலாம் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். காலேஜ் பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு நீளமாக நான் கையால் எழுதியதில்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. சாயங்காலம் கோயில் வரைக்கும் நடந்து போய் வருகிறார்கள். வண்டி நின்ற இடத்தில் இரண்டு பூந்தொட்டியை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். வெறுமையாகக் கிடந்தால் கண் அங்கேயே போகிறதாம்.

உன் அப்பா அந்த மாருதி எஸ்டீம் காரை எப்படி வைத்திருந்தார் என்று எனக்கும் தெரியும். ஒரு கீறல் கிடையாது. எஸ்டீம் வைத்திருப்பவர்கள் சேர்ந்த நம் குழுவில் பதினான்கு வண்டி இருந்தும், அச்சு எடுக்க அதைத்தான் கேட்டோம். இவ்வளவு பழைய வண்டிக்கு இன்றைக்கு யாரும் பம்பர் முதலாக வெளியே மாட்டுகிற பாடி கிட் செய்து விற்பதில்லை. ஒருத்தருக்காக மோல்டு எடுத்தால் கட்டுப்படியாகாது, பதினான்கு பேர் சேர்ந்தால் முடியும் என்று கணக்குப் போட்டு ஆள் சேர்த்தது நான்தான். சேலை பார்டர் வரைகிற அதே கம்ப்யூட்டரில் பம்பரை வரைந்து அனுப்பினேன். மூக்கு இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று நீ அங்கிருந்து திருத்தம் சொன்னாய். அடிபட்டு ஒட்டுப்போட்ட வண்டியின் மேல் மோல்டு எடுத்தால் எல்லார் கிட்டும் கோணலாகிவிடும் என்று ராஜவேலு அண்ணன் சொன்னதும், அப்பா வண்டியைத் தருகிறேன் என்று நீயாகவே சொன்னாய். அன்றைக்கு எங்களுக்கு இருந்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ராஜவேலு அண்ணனை நீ போனில்தான் பார்த்திருக்கிறாய். ஓரிக்கையில் அவருடைய ஃபைபர் பட்டறையில் கல்யாண மண்டப வாசலில் நிற்கிற யானை, ஜவுளிக்கடை பொம்மை எல்லாம் செய்துகொண்டிருந்தவர். வண்டி வந்த அன்று லில்லி அக்கா பழைய புடவைகளைத் தைத்து அதற்கு ஒரு போர்வையே போட்டுவைத்தார். அண்ணனுடைய மனைவி. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது அண்ணனே அதை இழுத்து மூடுவார்.

தீப்பிடித்த அன்று அண்ணன் குடித்துவிட்டுப் பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியே போய்விட்டதாக உன் குமாரசாமி மாமா ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார். யார் அவருக்கு அப்படிச் சொன்னார்களோ தெரியாது. நான் அங்கே இருந்தேன், யுவன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற நம் அர்ஜுனனும் இருந்தான். மத்தியான வெயில், தகரக் கூரை. ஃபைபருக்குப் பூசுகிற ரெசினில், அதை இறுக வைக்கிற ஹார்டனரைக் கலந்துவிட்டால் அது தானாகச் சூடேறும். பக்கெட்டில் மிஞ்சிய கலவை புகைய ஆரம்பித்து, பக்கத்தில் கிடந்த துணிக் கழிவில் பற்றிக்கொண்டது. அண்ணன்தான் முதலில் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் பிடித்து வெளியே தள்ளினார். அவரும் வெளியே வந்துவிட்டார். இதை நீ கவனித்துப் படிக்க வேண்டும். ஒரு காயமும் இல்லாமல் வெளியே வந்து எங்கள் பக்கத்தில் நின்றார்.

வண்டியின் முன்பக்கம் ஜாக்கியில் நின்றுகொண்டிருந்தது. அதை இறக்கினால்தான் தள்ள முடியும். “நம்பி உட்டுட்டுப் போன வண்டிமா” என்று சொன்னார். நான் கையைப் பிடிப்பதற்குள் உள்ளே ஓடிவிட்டார். ஒரு பக்கத்து ஜாக்கியை இறக்கியும்விட்டார். அதற்குள் ரெசின் டிரம் வெடித்தது. அர்ஜுனன் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு போய் அவர் காலைப் பிடித்து இழுத்து வந்தான். அண்ணனுக்கு இரண்டு கையும் மார்பும் முகத்தில் இடது பாதியும் வெந்துவிட்டன. வண்டி முழுக்க எரிந்துபோனது உனக்கே தெரியும்.

குழுவில் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. முதல் இரண்டு நாள் எல்லோரும் ஆறுதல் எழுதினார்கள். அப்புறம், கிட் என்ன ஆச்சு என்று ஒருத்தர் கேட்டார். உடனே எல்லோரும் கேட்டார்கள். முன் பம்பர் மோல்டு மட்டும் காய்வதற்காக வெளியே சாய்த்து வைத்திருந்ததால் தப்பியது. நாம் எல்லோரும் சேர்ந்து போட்ட காசில் செய்தது, நம்முடையதுதானே என்றார்கள். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது டெம்போ கொண்டுவந்து அதை ஏற்றினார்கள். ஏற்றிக்கொண்டு போனவன் அர்ஜுனன். நான் குறுக்கே நின்றேன். “பதினோரு பேரு என் உயிர வாங்கிக்கினு இருக்காங்க, நான் இன்னா செய்யட்டும்?” என்று கத்தினான். அவன் கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. நெருப்புக்குள் போனவனும் இவன்தானே. மாற்றுத் துணி எடுத்துப் போக வந்திருந்த லில்லி அக்காதான், “எடுத்துக்கினு போவட்டும், உடுமா. அதப் பாத்துக்கினு இருக்க என்னாலயும் முடியல” என்றார்.

அண்ணன் இப்போது சென்னையில் தீக்காய வார்டில் இருக்கிறார். போன வியாழக்கிழமை பார்க்கப் போனேன். வேலை என்ன ஆச்சு என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வேறு வழியில்லாமல், அர்ஜுனன் வேறு பட்டறையில் பம்பர் செய்து தன் வண்டியில் மாட்டி அனுப்பியிருந்த படத்தைக் காட்டினேன். உன் வண்டியைப் போலவே அவனுடையதும் வெள்ளி நிறம்தானே. அண்ணன் ஒற்றைக் கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “யுவன் தம்பி வண்டிதானம்மா? தப்பிச்சிக்கிச்சா?” என்றார்.

லில்லி அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான், “ஆமாண்ணா” என்றேன்.

அந்த முகத்தால் சிரிக்க முடியாது. ஆனால் அன்றைக்குத்தான் வலி ஊசி கேட்காமல் தூங்கினார் என்று அக்கா சொன்னார். இப்போது வருகிற நர்ஸிடமெல்லாம் அந்த வண்டியைப் பற்றிச் சொல்கிறாராம்.

கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்று நேற்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார். இதற்கு மேல் எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை போலீஸ் வாக்குமூலம் வாங்க வார்டுக்கு வருகிறார்கள். வண்டி எரிந்ததைப் பற்றித்தான் முதல் கேள்வியே கேட்பார்கள், அண்ணனுக்கு உண்மை தெரிந்துபோகும். மாமா வீட்டுக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். மருமகன் சொல்லட்டும், புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்கிறார். அவரையும் தப்பு சொல்ல முடியாது. உன் அப்பாவும் அவரும் அந்த வண்டியில் போகாத ஊர் இல்லை. நீ ஒரு போன் செய்தால் போதும்.

இன்னொன்றும் கேட்கிறேன். கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. “தம்பி ஒரு வார்த்த கூட பேசலியே, கோவமா இருக்குதா?” என்று அண்ணன் உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். லில்லி அக்காவின் நம்பரைத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் உள்ளே விடுவார்கள், அக்கா போனைக் காதில் வைத்துப் பிடிப்பார். வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது, நன்றாக ஓடுகிறது என்று மட்டும் சொல். உன் அம்மாவிடம் இதைச் சொல்லி, எழுதலாமா என்று கேட்டேன். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எழுதுமா. அவங்கப்பா இருந்திருந்தா நேர்லயே போயி சொல்லியிருப்பாரு” என்றார்கள்.

என் மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும், யுவன். அதை ஆற்றிக்கொள்ள நமக்குக் காலம் இருக்கிறது. நீயும் அனுவும் ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும். நீ பேசுவாய் என்று நான் லில்லி அக்காவிடம் சொல்லி வைக்கவில்லை. சொன்னால் அண்ணன் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார்.

என்றும் உன் தோழி,
சத்யப்ரியா